வைகாசி வெயிலில் வாடும் தோட்டத்துக்கு என்ன மருந்து?

கேள்வி: ஐயா, வீட்டு வளவில் கிணற்றடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். தைப்பொங்கல் கழிந்து நட்டவை. மாசி, பங்குனியில் நன்றாகக் காய்த்தன. கடையில் மரக்கறி வாங்கவே இல்லை. சித்திரை வருடம் பிறந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. தக்காளி பூக்கிறது, பூவெல்லாம் உதிர்கிறது. கொச்சிக்காய்க் கன்றுகளின் இலை சுருள்கிறது. கத்தரி ஒவ்வொன்றாக வாடிச் சாகிறது. பதுளையில் இருக்கும் அக்கா தந்த போஞ்சி முளைத்துப் படர்ந்தும் பிஞ்சு பிடிக்கவில்லை. மூன்று நேரமும் தண்ணீர் ஊற்றுகிறேன், யூரியாவும் போட்டேன். கடையில் தந்த மருந்தை அடித்தும் பார்த்தேன், மாற்றமில்லை. மாமி நாவூறு என்கிறார். வேறு என்ன மருந்து அடிக்கலாம்? அல்லது எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மாரிக்குப் பார்த்துக்கொள்ளட்டுமா?
ஒரு வாசகி, தம்பிலுவில்

பதில்: அன்பான தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். சிலதைப் பிடுங்கத்தான் வேண்டும், எதை என்று பின்னால் சொல்கிறேன். மருந்து விஷயம் வேறு. தக்காளிப் பூ உதிர்வதற்கும் போஞ்சி பிஞ்சு பிடிக்காததற்கும் எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. அவை நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. மற்ற இரண்டுக்கும், என்ன நோய், என்ன பூச்சி என்று பார்க்காமல் அடிக்கும் மருந்து வீண். பிள்ளைகள் சாப்பிடும் மரக்கறி இது. அதனால் அந்தப் போத்தலை இப்போதைக்கு எடுத்து வையுங்கள்.

உங்கள் வளவில் நடந்திருப்பது என்னவென்றால், பருவம் மாறிவிட்டது, தோட்டத்தை நீங்கள் இன்னும் மாற்றவில்லை. நம் கிழக்குக் கரையோரத்தில் வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். அந்த ஈரத்தின் மிச்சத்தில்தான் பங்குனி வரை எல்லாம் செழித்தது. சித்திரையில் வெயில் ஏறுகிறது, வைகாசியில் கச்சான் தொடங்குகிறது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று இரத்தினபுரிப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம்மிடம் இறங்கும்போது ஈரமில்லாமல், இறங்க இறங்கச் சூடேறி வருகிறது. இலையிலிருந்து அது உறிஞ்சும் வேகத்துக்கு வேரால் தண்ணீர் கொடுக்க முடிவதில்லை. அதுவும் கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடக்கும் நம் மணல் நிலத்தில் கேட்கவே வேண்டாம்.

தக்காளியைப் பார்ப்போம். உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவில் சின்னதாக ஒரு முட்டி இருக்கும், பூ சரியாக அந்த இடத்தில் மஞ்சளாகிக் கழன்றிருக்கும். பூச்சி கடித்தால் இப்படிக் கழலாது. பகல் வெப்பம் 32 பாகைக்கு மேலே போய், இரவும் 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது. கரு பிடிக்காத பூவைச் செடியே கழற்றிவிடும். நமக்கு இப்போது இரவில்கூட வியர்க்கிறதே, செடி மட்டும் என்ன செய்யும்? இதற்கு மேல் யூரியா போட்டால் இலைதான் தழைக்கும். இருக்கிற காய்களைப் பறித்துக்கொள்ளுங்கள், பிறகு அந்தச் செடிகளை எடுத்துவிடுங்கள். வாடிக்கொண்டிருக்கும் செடிக்கு ஊற்றும் தண்ணீரை வெண்டிக்கு ஊற்றினால் கறிக்காவது ஆகும். தக்காளி வேண்டும் என்றால் கார்த்திகையில் மழை படாத கூரையின் கீழ் நாற்றுப் போட்டு, பெருமழை ஓயும் மார்கழிக் கடைசியில் நடுங்கள். தையும் மாசியும்தான் நம் பக்கத்தில் அதற்கு நல்ல மாதங்கள்.

போஞ்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது குளிர் கேட்கும் பயிர், பதுளைக்குச் சரி. அதே பந்தலில் பயிற்றங்காய் போடுங்கள்.

கொச்சிக்காயில்தான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதில்தான் விஷயம் இருக்கிறது. இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து கிண்ணம் மாதிரி ஆகியிருந்தால் அது பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கி மடிந்து, இலை ஒடுங்கி, காம்பு நீண்டு, அடிப்பக்கம் கபில நிறமாக இருந்தால் சிற்றுண்ணி. இலைகள் மஞ்சளித்துச் சிறுத்து, நுனியில் கொத்தாகக் குவிந்து, தட்டினால் வெள்ளை ஈ பறந்தால், அது அந்த ஈ கொண்டுவந்த வைரசு. அந்தக் கன்று திரும்பி வராது. பிடுங்கி எரித்துவிடுங்கள், மற்றக் கன்றுகளாவது தப்பும்.

காலையில் வெயில் ஏறமுன் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கிளையின் கீழே பிடித்துக்கொண்டு நுனிக் குருத்தை இரண்டு தரம் தட்டுங்கள். மெல்லிய மஞ்சள் கீறல்கள் போல ஏதாவது காகிதத்தில் விழுந்து ஓடினால் பனிப்பூச்சிதான். ஒன்றும் விழாவிட்டால் சிற்றுண்ணியாக இருக்கலாம், அது வெறும் கண்ணுக்கு அகப்படுவது கஷ்டம். கடையில் தந்த மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் காரணம் இங்கே இருக்கலாம். சிற்றுண்ணி பூச்சி இனமே இல்லை, எட்டுக் காலுள்ள சிலந்தி இனம். பூச்சிக்கென்று வரும் மருந்துகளில் பல அதைத் தொடுவதில்லை. சில மருந்துகள் சிற்றுண்ணியைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்றுவிடுவதால் சிற்றுண்ணி இன்னும் பெருகும். நீங்கள் போட்ட யூரியாவும் சேர்ந்துகொண்டது. யூரியாவில் வந்த இளம் தளிர் மென்மையானது, சாறு உறிஞ்சும் எல்லாவற்றுக்கும் அது விருந்து.

செய்ய வேண்டியது: மிக மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி, ஒரு பொலித்தீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தினமும் காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சுங்கள். பனிப்பூச்சிக்குக் காய்ந்த புழுதி பிடிக்கும், ஈரம் பிடிக்காது. அப்புறம் வேப்பங்கொட்டை. ஆனி, ஆடியில் மரத்தின் கீழே பழம் நிறைய விழும். கழுவி நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க உதவும். ஓடு நீக்கிய பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் என்ற கணக்கில் இரவு ஊறவிட்டு, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துச் சேர்த்து மாலையில் அடியுங்கள். வெயில் நேரத்தில் அடித்தால் அதன் சக்தி சீக்கிரம் போய்விடும். வாரம் ஒரு தரம் போதும். சிற்றுண்ணிக்குக் கந்தகம் நல்ல மருந்து என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் இந்த வெப்பத்தில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும், பாகல், பூசணி இனங்களில் இன்னும் மோசம். வைகாசியில் அதைத் தொட வேண்டாம். ஏற்கெனவே அடித்த மருந்தின் லேபிளில், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று இருக்கும். அத்தனை நாள் கழியாமல் ஒரு காயும் பறிக்காதீர்கள்.

கத்தரி வாடுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றுக்கும் வழி வேறு வேறு. செடி நன்றாக நிற்க, நுனி மட்டும் தலை சாய்ந்தால் அது தண்டு துளைப்பான். அந்த நுனியைப் பிளந்து பாருங்கள், உள்ளே மங்கிய இளஞ்சிவப்பில் ஒரு புழு இருக்கும். நுனியை ஒரு சாண் கீழே வெட்டி எரித்துவிட்டு விடாமல் கவனித்து வந்தால் செடி திரும்பத் துளிர்க்கும். இரண்டாவது, பச்சையாக நின்ற செடி திடீரென்று முழுதாகத் துவண்டு இரண்டு மூன்று நாளில் சாவது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டு முகம் தண்ணீரில் படும்படி தொங்கவிட்டு அசையாமல் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற நூல் வெட்டிலிருந்து கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். அதற்கும் மருந்து இல்லை. செடியை வேரோடு, சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து எரித்துவிட வேண்டும். அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் மூன்றையும் இரண்டு மூன்று வருடத்துக்கு வைக்கக் கூடாது. அந்தப் பாத்தியில் போட்ட மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் போடவும் கூடாது.

மூன்றாவது, மணல் நிலத்துக்கே உரிய தொல்லை. செடி மத்தியானம் வாடும், மாலையில் தெளியும், நாளுக்கு நாள் வளர்ச்சி குன்றும். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழு வேருக்குள் இருந்து செய்யும் வேலை அது. இந்தப் புழு வெண்டியையும் தக்காளியையும்கூட விடாது. ஆனால் இந்த மாதத்து வெயில் இங்கே உங்களுக்கு உதவும். அந்தப் பாத்தியைக் கொத்தி, நன்றாகத் தண்ணீர் விட்டு, நிறமில்லாத மெல்லிய பொலித்தீனை மண்ணோடு ஒட்டி விரித்து, நான்கு ஓரங்களையும் மண்ணால் புதைத்துவிடுங்கள். கறுப்புப் பொலித்தீன் வேண்டாம், வெயில் ஊடுருவ வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும். மேல்மண்ணில் இருக்கும் புழுவில் பெரும்பகுதியும் களை விதையும் வெந்துவிடும். மாரியில் செய்ய நினைத்தாலும் செய்ய முடியாத வேலை இது.

மாமி சொல்வதையும் தட்ட வேண்டாம். கண்ணகி அம்மன் சடங்கு வருகிற மாதம், அவர் மனதுக்குப் பட்டதை அவர் செய்யட்டும். தண்டை வெட்டிக் கிளாசில் வைக்கும்போது அவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இனித்தான் முக்கியமான பகுதி. மாரி காலத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று உயர்த்திப் பாத்தி கட்டியிருப்பீர்கள். இப்போதும் அதே உயர்ந்த பாத்தியில்தான் செடி நிற்கிறது இல்லையா? கோடையில் அது தப்பு. நாலு பக்கமும் காற்றும் வெயிலும் பட்டு, ஊற்றிய தண்ணீர் பக்கவாட்டில் இறங்கிப் பாத்தி காய்ந்துவிடும். கோடைக்குப் பாத்தி நிலத்தைவிட நாலு விரல் தாழ்ந்திருக்க வேண்டும். நிற்கிற செடிகளை அசைக்க வேண்டாம், சுற்றிவர மண்ணால் வரப்புக் கட்டினால் போதும். புதிதாக நடுவதெல்லாம் கிடங்கில் நடுங்கள். ஒரு முழ ஆழத்தில் கிடங்கு வெட்டி, பொச்சுமட்டையை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, உட்குழி மேலே பார்க்கும்படி அடியில் ஒரு படை அடுக்குங்கள். தென்னைக்கு நம்மவர்கள் செய்வதுதான், மரக்கறிக்கு ஏனோ செய்வதில்லை. அதன் மேல் மக்கிய ஆட்டெருவும் மேல்மண்ணும் சரிபாதி. எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும், பச்சைக் கோழி எரு இந்த வெயிலில் வேரைச் சுட்டுவிடும்.

மூன்று நேரம் தண்ணீர் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஊற்றி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, செடிக்குப் பக்கத்தில் விரலை விட்டுத் தோண்டிப் பாருங்கள். மேலே ஒரு அங்குலம் நனைந்து, அதற்குக் கீழே மணல் பொலபொலவென்று காய்ந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். மிகவும் காய்ந்துபோன மணல் தண்ணீரை உடனே வாங்காது, மேலேயே உருண்டு ஓடவிடும். முதலில் கொஞ்சம் தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு, திரும்ப ஊற்றினால் உள்ளே இறங்கும். மத்தியானத் தண்ணீரை நிறுத்துங்கள். காலையில் வெயில் ஏறமுன் ஒரு தரம், மாலை வெயில் தாழ்ந்த பிறகு ஒரு தரம், இரண்டும் வேரடியில். வெயிலில் கிடந்த குழாய் என்றால் முதலில் வரும் கொதிதண்ணீரை வெளியே விட்டுவிட்டுச் செடிக்குப் பிடியுங்கள். பழைய மண்முட்டி இருந்தால் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி, சுற்றிவர நாலு கன்று வையுங்கள். மண் வழியாகக் கசிந்து வேருக்குப் போகும். வர்ணம் பூசிய முட்டி கசியாது.

பாத்தியை வெறுமனே விடாதீர்கள். மேற்கே வயல் பக்கம் மாசி, பங்குனி வெட்டில் கிடந்த வைக்கோல் இன்னும் இருக்கும். இரண்டு மூன்று சாக்கு கொண்டுவந்து நாலு விரல் தடிப்புக்கு மூடுங்கள். தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். வைக்கோல் இல்லையா, காய்ந்த தென்னோலைத் துண்டு, வேலியில் வெட்டிய கிளிசரிடியாத் தழை, எதுவும் சரி. இந்த மாதத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

அடுத்தது மேற்குப் பக்கம். பின்னேர வெயிலும் கச்சானும் ஏறக்குறைய ஒரே பக்கத்திலிருந்துதான் வருகின்றன. அந்தப் பக்கத்துக்கு மட்டும் கிடுகால் ஆள் உயர மறைப்புக் கட்டுங்கள். முழுத் தோட்டத்துக்கும் நிழல் வலை வாங்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கிடுகு இடைவெளி விட்டுக் கட்டினால் காற்று உடைந்து மெல்ல வரும், முழுதாக அடைத்தால் மேலால் ஏறி மறுபக்கம் சுழன்றடிக்கும். அடுத்த வருடத்துக்கு அதே வரிசையில் அகத்தியும் முருங்கையும் நட்டுவிடுங்கள், வேலியும் கறியும் ஒன்றாக முடியும்.

கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தீர்களா? கோடையில் நம் கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும்போது உப்பு ஏறலாம். மணலுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இழுத்தால் கீழே இருக்கும் உப்புநீர் மேலே வரும். இலை ஓரங்கள் கபில நிறத்தில் கருகத் தொடங்கினால் அதையும் சந்தேகியுங்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்து இறையுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது. உடுப்புத் தோய்த்த தண்ணீர் வேண்டாம்.

சரி, காலியான இடத்தில் என்ன நடலாம்? வெண்டி இந்த வெயிலுக்கு அஞ்சாது. விதையை இரவு ஊறவைத்து, இரண்டு அடி இடைவெளியில் நேரடியாக ஊன்றுங்கள், ஏறக்குறைய 45 நாளில் பூக்கும், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கலாம். வட்டப்புழு கண்ட பாத்தியில் மட்டும் வேண்டாம். பயிற்றங்காய் ஒரு குழிக்கு இரண்டு மூன்று விதை. நுனியில் கறுப்பு அழுக்கணவன் பூச்சி அப்பினால் விரலால் நசுக்கித் தண்ணீர் பீச்சினால் போதும். கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் கங்குன் கீரை நன்றாக வரும். நீளக்கொடியாக ஓடும் வற்றாளையைப் பாத்தி ஓரத்தில் வைத்தால் நிலத்தையும் மூடும், கிழங்கும் தரும். பசளி பந்தலில் ஏறி நிழலும் கொடுக்கும். பாகல் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: பிஞ்சு விரல் நீளம் வந்த உடனே காகிதப் பையோ பழைய துணிப்பையோ போட்டுக் கட்டிவிடுங்கள், பழ ஈ முட்டையிடமுன். புழு விழுந்த காயை மேலோட்டமாகப் புதைக்காதீர்கள், அது மண்ணுக்குள்ளேயே கூடாகி ஈயாக வெளியே வரும். பொலித்தீனில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். கண்ணகி அம்மன் சடங்கின் குளிர்த்தி நாட்களில் ஒரு மழை விழும் என்று நம் பக்கத்தில் எதிர்பார்ப்போம். விழுந்தால், அடுத்த நாள் காலையில் வெண்டியையும் பயிற்றையையும் ஊன்றிவிடுங்கள். அந்த ஒரு மழையை நம்பித் தக்காளி நாற்றுப் போட வேண்டாம்.

மிஞ்சி நிற்கும் நல்ல கொச்சிக்காய், கத்தரிச் செடிகளுக்கு யூரியாவை நிறுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் இரண்டு கை மக்கிய எருவை வைக்கோலுக்குக் கீழே இடுங்கள். ஆடியில் பழைய கத்தரியின் வயதான கிளைகளைக் கவாத்துப் பண்ணிவிட்டால் புதிதாகத் துளிர்க்கும்.

விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போகும்போது சும்மா போகாமல், வாடிய செடி ஒன்றை வேரோடு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், சுருண்ட கிளை ஒன்றையும். அதற்கு முன் அந்தக் கத்தரித் தண்டைக் கிளாசில் வைத்துப் பார்த்து, பால் நூல் இறங்கியதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பாத்தியில் மாரிக்கு என்ன நடலாம் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.